நனைத்துப் பார்த்த துணி

அருள்புரம் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில், பனியன் கம்பெனிக்குப் போகும் இரண்டு பெண்கள்.

“எங்க ஊட்டுக்காரரு நேத்துப் புடிச்ச மீன ஊட்டுக்கே கொண்டாந்துட்டாருங்கக்கா!” என்றாள் இளையவள்.

“பின்ன, புடிச்சா கொண்டாராம?”

“குளத்துல சாயத்தண்ணி கலந்ததுலருந்து, தூண்டில் போட்டுப் புடிக்கறதையெல்லாம் திருப்பித் தண்ணியிலயே உட்டுட்டு வந்துருவாருங்க. போறப்பெல்லாம் வெள்ளை பனியன் துணிய நனைச்சுப் பாப்பாரு. ஒரு வாரம் செவப்பாகும், ஒரு வாரம் நீலமாகும். மழைக்கப்புறம் எத்தன தடவ நனைச்சாலும் வெள்ளையாவே இருக்குதாமுங்க.”

மூத்தவள் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். “அப்பறம்? கொழம்பு வெச்சியா கண்ணு?”

“எங்கீங்கக்கா! இனி எங்க மீனு வரப்போவுதுன்னு, மீன்சட்டியில அப்பவே மல்லிகைச்செடி நட்டுட்டேன். மீனு அண்டாவுல நீந்திக்கிட்டு இருக்குது. சாயங்காலம் புதுச்சட்டி வாங்கோணும், கூட வர்றீங்களா?”