அலைவாய் மக்கள் கட்சியின் வரிசையை நான் நீக்கிய விதம்

என் பெயர் ஆரோன், வயது 20, தகப்பனார் பெயர் அசரியா. தாம்பரம் இரும்புலியூரில் பெற்றோருடன் குடியிருந்து, பி.எஸ்சி. கணிதம் மூன்றாம் ஆண்டு படித்து வருகிறேன். எந்தக் கட்சியிலும் உறுப்பினர் இல்லை. இப்போது காவலில் இருக்கும் லோகு என்பவர் எங்கள் தெருவுக்குச் சைக்கிளில் மீன் கொண்டுவருபவர், அந்த வகையில் பழக்கம். யாரும் கூப்பிடாமல் நானாகக் காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

இணையத்தில் யார் வேண்டுமானாலும் எழுதவும் திருத்தவும் கூடிய கலைக்களஞ்சியம் ஒன்றில் தேர்தல் பக்கங்களை எழுதி வருகிறேன். சம்பளம் கிடையாது, யாரும் சொல்லித் தரவும் இல்லை. கொடி நிறம், கூட்டணிக் கணக்கு என்றால் எனக்குச் சோறு வேண்டாம். 2006 மே மாதம் சட்டமன்றத் தேர்தல் முடிவு வந்ததும், கூட்டணிக்கு ஒரு தலைப்பு, அதன் கீழே கட்சிக்கு ஒரு வரிசை என்று அட்டவணை போட்டேன். லோகு கிளைச் செயலாளராக உள்ள அலைவாய் மக்கள் கட்சிக்கும் ஒரு வரிசை போட்டு, வெற்றி 1 என்று எழுதினேன். அவர்கள் ஆள் ஜெயித்தது கூட்டணியில் உள்ள பெரிய கட்சியின் சின்னத்தில். சொந்தச் சின்னம் கிடைக்காத சிறிய கட்சிகள் அப்படி நிற்பது வழக்கம்.

அதன் பிறகு ஒருநாள் மீன் கொடுக்க வந்த லோகு, "தம்பி, கம்ப்யூட்டர்ல எல்லாக் கட்சியும் கீதாமே, நம்ம கட்சி கீதா?" என்று கேட்க, நான் உள்ளே கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கையைச் சட்டையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு திரையில் அந்த வரிசையைத் தொட்டார்.

"இன்னா தம்பி, உலகம் பூரா தெரியுமா இது?"

"அமெரிக்காவுல கூட தெரியும்ணா."

அச்செடுத்துக் கொடுத்தேன். அதை லேமினேட் செய்து வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பதாகப் பிறகு சொன்னார்.

அதன் பிறகு ஆகஸ்டில் என் பக்கத்தைச் சிறப்புப் பக்கமாகத் தேர்ந்தெடுக்கக் கேட்டிருந்தேன். அதிகாரபூர்வ முடிவில் அந்தக் கட்சிக்கு வெற்றியே இல்லை, பெரிய கட்சிக்கு ஒன்று கூடுதலாக இருக்கிறது, கணக்கு இடிக்கிறது என்று ஒருவர் எழுதினார். வரிசையை வைத்துக்கொண்டு அடிக்குறிப்பு போட்டிருக்கலாம். அது எனக்குத் தெரியும். அட்டவணை அசிங்கமாகிவிடும் என்று வரிசையை நீக்கி, பெரிய கட்சியில் ஒன்றைக் கூட்டினேன். பக்கத்துக்கான விவாதத்தில், சின்னம் யாருடையதோ வெற்றி அவருடையது, இனி எல்லாத் தேர்தல் பக்கங்களுக்கும் இதுவே விதி என்றும் எழுதினேன். யாரும் மறுக்கவில்லை. பக்கம் தேர்வானபோது நான் கத்திக் குதித்ததில், என் அம்மா ஞானசௌந்தரி பரீட்சை ரிசல்ட் என்று நினைத்துவிட்டார்கள். சுவரில் மாட்டிய தாள் எனக்கு ஞாபகம் வந்தது. லோகுவிடம் சொல்லவில்லை.

அதன் பிறகு சென்ற ஞாயிற்றுக்கிழமை, நகராட்சித் தேர்தலுக்கு வார்டு பிரித்துக்கொள்ள கூட்டணிக் கட்சியினர் ஒரு கல்யாண மண்டபத்தில் கூடினார்கள். "நம்ம கம்ப்யூட்டர் தம்பி" என்று சொல்லி லோகு என்னையும் அழைத்துப்போனார். தன் மனைவி புஷ்பலதாவுக்கு எங்கள் வார்டைக் கேட்டார். பெரிய கட்சியின் வட்டச் செயலாளர் மதியழகன் தர முடியாது என்றதும், லேமினேட் தாளை எடுத்து, "சட்டசபையிலயே எங்களுக்கு ஒண்ணு கீது. பாரு, உலகம் பூரா போட்டுக்கீறான்" என்றார். மதியழகன் எதிரில் உள்ள பிரவுசிங் சென்டருக்கு ஆள் அனுப்பி, அதே பக்கத்தைப் புதிதாக அச்செடுத்து வரச் செய்தார். அதில் அந்த வரிசை இல்லை.

"பேரே இல்லாத கட்சிக்கு வார்டு ஒரு கேடா? போர்ஜரி பண்ணிட்டு லேமினேஷன் வேறயா லோகு? மீன் நாத்தம் வராம இருக்கவா?" என்று மதியழகன் சொல்ல, மண்டபமே சிரித்தது. புஷ்பலதா சிரித்தவர்களைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீ சொல்லு" என்றார் லோகு.

"எனக்குத் தெரியலண்ணா" என்றேன்.

அதன் பிறகுதான் லோகு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி அடித்ததும், மதியழகனுக்கு நெற்றி பிளந்ததும். அடித்தது உண்மை, பார்த்தேன். ஆனால் புகாரில் உள்ளபடி லோகு போலித் தாள் தயாரித்தார் என்பது பொய். இரண்டு தாளும் நான் எழுதியவையே. பக்கத்தின் பழைய பதிப்புகள் தேதியோடு அங்கேயே இருக்கின்றன.

"அப்ப ரெண்டுல எதுடா சரி?" என்று ஆய்வாளர் கேட்டார். சின்னத்தை எண்ணினால் புதியது, ஆளை எண்ணினால் பழையது, இரண்டையும் சொல்ல ஓர் அடிக்குறிப்பு போதும் என்றேன். இன்று காலை இங்கு வருமுன் வரிசையைத் திரும்பப் போட்டு, அடிக்குறிப்பும் சேர்த்துவிட்டேன் என்றும் சொன்னேன். அதைச் சரிபார்க்க, எழுத்தர் என்னை அருகிலுள்ள பிரவுசிங் சென்டருக்கு அழைத்துப்போனார். பக்கத்தைத் திறந்தபோது வரிசை இல்லை. எனக்கு முன்பின் தெரியாத யாரோ எடுத்துவிட்டிருந்தார். காரணம் என்ற இடத்தில், 'ஆரோன் வகுத்த விதிப்படி நீக்கப்பட்டது' என்று இருந்தது. எழுத்தர் அதை உரக்கப் படித்தார்.

நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட இதைப் படிக்கக் கேட்டேன். சொன்ன எதுவும் விடுபடவில்லை, சொல்லாத எதுவும் சேர்க்கப்படவில்லை, எல்லாம் உண்மை.

(ஒப்பம்) அ. ஆரோன்