ஃபாங்குக்காக மாற்றிய இலை

நீங்கள் கொடுத்த தேநீருக்கு நன்றி. காகிதக் கோப்பையில், நூல் கட்டிய பொட்டலத்தோடு வந்தது உங்கள் குற்றமில்லை. காவல் நிலையத்துக்கு இது போதும்.

ஃபாங் மேல் எனக்குப் பகை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எதிர்வீட்டுக்காரர். பதினோரு வருடம் தினமும் காலையில் வந்து என் முன்னறையில் உட்கார்ந்தவர். எங்கள் சாவோசோ ஊரில் யாரும் யார் வீட்டுக்குள்ளும் வரலாம். வந்தால் வீட்டுக்காரன் தேநீருக்குத் தண்ணீர் வைப்பான். நான் பீங்கான் சூளையில் இருபத்தாறு வருடம் இரவு வேலை பார்த்தவன். ஓய்வு பெற்றபோது எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: காலையில் ஒரு கெண்டி தேநீர், தனியாக.

கதவைச் சாத்திப் பார்த்தேன். அவர் தட்டினார்.

வந்ததும் முதல் கோப்பையை உறிஞ்சுவார். "என்னய்யா லியாவ், கால் கழுவுன தண்ணியா இது?" என்பார். "சூளையில வெந்த கை. அந்தக் கையில தேயிலை எப்படி மணக்கும்?" பிறகு சிரிப்பார். பிறகு மருமகன், மூட்டுவலி, முனிசிபாலிட்டி. தண்ணீர் கொதிக்கும் சத்தத்தை நான் பதினோரு வருடம் கேட்கவில்லை.

ஒரே இலையில் பல சுற்று வெந்நீர் ஊற்றிக் குடிப்போம். அதில் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தேநீர் வெளுத்த பிறகும் வீட்டுக்காரன் இலையை மாற்றவில்லை என்றால் விருந்தாளி எழுந்துகொள்ள வேண்டும். புது இலை போட்டால், இன்னும் கொஞ்சம் இருங்கள் என்று பொருள். அப்போது எழுந்து போவது அவமரியாதை. இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. எட்டாவது சுற்றோடு நான் குடிப்பதை நிறுத்திவிடுவேன். இலையைத் தொடமாட்டேன். பத்தாவது சுற்றில் அவர் குடிப்பது வெறும் வெந்நீர். "வெந்நி வயித்துக்கு நல்லதுய்யா" என்று கோப்பையை நீட்டுவார்.

போன வசந்தத்தில் ஆற்றங்கரைக் கடை ஒன்றில் ஒரு பெண் வகுப்பு நடத்தினாள். கவனத்தோடு தேநீர் குடிப்பது எப்படி என்று. எட்டு வாரம் போனேன். குறுக்கே எது வந்தாலும் கோபப்படாதே, விரட்டாதே, பார்த்துக்கொண்டிரு, அது தானே கடந்து போகும் என்றாள். நல்ல பாடம். எனக்கு நிரம்பப் பயன்பட்டது.

அந்தச் சமயத்தில்தான் ஃபாங்கின் மனைவி சூச்சின் என்னைச் சந்தையில் நிறுத்தினாள். "அண்ணே, இவரு சர்க்கரைக்கு ஊசியப் போட்டுக்கிட்டு, வெறும் வயித்தோட உங்க வீட்டுக்கு ஓடி வந்துடுறாரு. உங்க பயத்தம்பருப்பு கேக்குதான் அவருக்குக் காலைச் சாப்பாடு. அது தள்ளிப்போனா மயங்கி விழுந்துடுவாரு. ஒரு தடவை பொழைச்சதே பெரிசு. கொஞ்சம் கவனிச்சுக்குங்க."

கவனித்துக்கொள்கிறேன் என்றேன்.

செவ்வாய்க்கிழமை சூச்சின் தன் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். நான் கேக் டப்பாவைச் சமையலறை அலமாரியில் வைத்துவிட்டேன். ஃபாங் வந்து உட்கார்ந்ததும் மேசையைத் தேடினார்.

"கேக்கு எங்கய்யா?"

"நல்ல தேயிலையோட இனிப்பு திங்கிறவன் நாக்கு மரக்கட்டைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது அடுத்தவங்களுக்குச் சொன்னதுய்யா" என்று சிரித்தார். ஆனாலும் அவருக்கு அது பிடித்திருந்தது. தன் பேச்சை ஒருவன் நினைவில் வைத்திருக்கிறான் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது?

அன்று இலையை அள்ளிப் போட்டேன், கெண்டியின் மூடி எழும்பும் அளவுக்கு. மூன்றாவது சுற்றில் அவர் மேலுதட்டில் வியர்வை. நான்காவதில் மருமகன் பெயர் அவருக்கு மறந்துவிட்டது. ஐந்தாவதில் விரல் நடுங்கி, கோப்பை தட்டில் மோதிக் கிணுகிணுத்தது. மெல்லிய பீங்கான். நல்ல ஒலி.

"தேயிலை தலைக்கு ஏறிருச்சு போலய்யா" என்றார். "வீட்டுக்குப் போய் ஏதாச்சும் வாயில போட்டுக்கிறேன்." மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

பதினோரு வருடத்தில் தானாக எழுந்தது அன்றுதான்.

நான் பழைய இலையைக் கொட்டிவிட்டு, கெண்டியில் புது இலை போட்டேன்.

அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "எனக்காகவா மாத்துற?" என்று உட்கார்ந்துவிட்டார். அந்த வழக்கத்தை அவர் மதித்ததும் அன்றுதான்.

அதன் பிறகு அவர் அதிகம் பேசவில்லை. ஒரு முறை, "லியாவ்... இனிப்பு..." என்றார். நாக்கு குழறியது. "இந்தச் சுத்து முடியட்டும்" என்றேன். தண்ணீர் கொதிக்கத் தொடங்கியது. முதலில் மணல் உதிர்வது போல, பிறகு தூரத்து மழை போல. அவர் நாற்காலியில் சரிந்தார். கை இரண்டு முறை வெட்டியது. மூச்சு குறட்டை போல வந்தது, பிறகு இடைவெளி விட்டு வந்தது, பிறகு வரவில்லை. நான் கோபப்படவில்லை. பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊரில் எத்தனை பேர் இருந்தாலும் மூன்று கோப்பைதான் ஊற்றுவோம். மூன்றையும் நானே குடித்தேன். பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

டப்பா நிரம்ப இருந்ததை நீங்கள் பார்த்துவிட்டீர்கள், அதனால் சுற்றி வளைக்கவில்லை. சமையலறை ஏழு காலடி தூரத்தில் இருக்கிறது. ஒரு கேக் போதும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

இனிமேல் வராதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். வீடு தேடி வந்த மனிதரிடமா? ஐயா, நான் அவ்வளவு பண்பு கெட்டவனில்லை.