மூன்று அட்டைகள்

"இன்னைக்குக் காலைல எங்க ஊட்டுக்காரரு என்னையத் திட்டிப்போட்டாருங்க்கா."

பெருமாட்டியில் பஸ் ஏறியவள் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். பக்கத்தில் இருந்த மூத்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"ஏன் புள்ள, தென்னையில இருந்து உழுந்து தலையில அடிபட்டதுக்கப்பறம், அவருக்குப் பேச்சும் வரல, படிக்கவும் தெரியலன்னியே?"

"ஆமாங்க்கா. அதான் ஆஸ்பத்திரில அடையாள எழுத்து பழக்குனாங்க. ஊட்டுக்கு ஒரு படம், தண்ணிக்கு ஒரு படம், இல்லைங்கறதுக்கு ஒரு கோடு. ஆறு மாசமா அட்டையக் காட்டிக் காட்டிப் படிக்க வெச்சேன். சும்மா பாத்துட்டே இருப்பாரு. இன்னைக்கு ஒரு வாய் டீ குடிச்சாரு, அவராவே மூணு அட்டைய எடுத்து வெச்சாரு. டீ. சர்க்கரை. இல்லை."

"மறந்துட்டயா?"

"மறந்துதானுங்க போச்சு."

"அப்பறம் போட்டுக் குடுத்தயா?"

"குடுத்தனுங்க. நாளைக்குக் கொழம்புல உப்பே போடமாட்டேன். இன்னும் நல்லாத் திட்டட்டும்."