உயிரோடு இருந்த பெட்டி

பிரேக் கருகும் வாசனை வந்தாலே, பழைய மலைப்பயணங்களையெல்லாம் என் வயிறு ஒவ்வொன்றாக நினைத்துக்கொள்ளும். கொல்லிமலை பஸ்ஸில் அந்த வாசனையோடு முன் இருக்கையிலிருந்து ஒரு குரலும் வந்தது.

"உசுரோட இருந்ததை நானே திரும்பத் திரும்பக் கொன்னிருக்கறேனுங்க மச்சான்."

நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்தக் குரலுக்குப் பக்கத்தில் இருந்தவர் பதறவில்லை.

"எதைய மாப்ளே?"

"மேல ஆபீஸ்ல இருக்கற திரையில்லாத கம்ப்யூட்டரைத்தானுங்க. அது ஓடறதுக்கான சிஸ்டத்தை நெட்வொர்க் வழியாத்தான் ஏத்தோணும். நடக்கறதை ஒரு வயர் போட்டு லேப்டாப்புலதான் பாக்க முடியும். மொதல்ல எழுத்து வரும், அப்புறம் ஒண்ணும் வராது. செத்துப்போச்சுன்னு கரண்ட்டைப் புடுங்கிருவேன்."

"செத்துத்தான் போச்சா?"

"இல்லீங்க. அது பாட்டுக்கு நல்லாத்தான் ஏறிட்டு இருந்திருக்குது. ஏற ஆரம்பிச்சதுக்கப்புறமும் இந்த வயர்லயே பேசுன்னு ஒரு வரி எழுதோணும், அதை நான் எழுதவே இல்லை. பெட்டி பாவம், இல்லாத ஒரு திரைகிட்டப் பேசிட்டு இருந்திருக்குது."

"எந்தங்கச்சி பேசாம இருந்தா என்ன பண்ணுவே?"

"அங்கயும் இதே அவசரந்தானுங்க. இன்னைக்கும் பெட்டி ஓடலைன்னா வேற ஆளை அனுப்பறேன்னுட்டாரு மொதலாளி."

சோளக்காட்டில் மாப்பிள்ளை லேப்டாப் பையோடு இறங்கினார். மச்சான் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"அந்த வரியை எழுதிப் போட்டுட்டு, ரெண்டு கையையும் பாக்கெட்டுக்குள்ள வெச்சுக்க, சாமி."