அண்ணியின் பெயர் ஒட்டிய குழாய்

நான் ரத்தம் எடுத்தால் வலிக்காது. ஆய்வகத்துக்கு வருகிற குழந்தைகள்கூட என்னிடம் அழுவதில்லை. நான் அதிகம் பேசாததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

தேதிவாரியாகச் சொல்லச் சொன்னீர்கள். முடிந்தவரை சொல்கிறேன்.

அப்பா, அம்மா போன பிறகு ஒன்பது வருடம் அண்ணனும் நானும் மட்டும்தான். அவனுடைய நீலச் சட்டை எங்கே இருக்கிறது என்பதுகூட என்னைக் கேட்டால்தான் அவனுக்குத் தெரியும். பிறகு அண்ணி வந்தார். கெட்டவர் இல்லை. வேகமானவர். பாடிக்கொண்டே என் அலமாரிகளை மாற்றி அடுக்கினார். இரண்டே மாதத்தில் அண்ணன் சட்டைக்கு அவரைக் கூப்பிட ஆரம்பித்தான்.

"என்ன ஊமைச்சாமி, வாய்ல பசையா?" என்று அண்ணி என் கன்னத்தைக் கிள்ளுவார். "இரு, ஒரு வாயாடி மாப்பிள்ளையாப் பாத்து உன்னை அனுப்பி வைக்கிறேன்."

அண்ணன் சிரிப்பான். நானும் சிரிப்பேன்.

அந்த வேகம் அவருடையது இல்லை. கழுத்திலிருக்கும் தைராய்டு சுரப்பி அவருக்குக் கல்யாணத்துக்கு முன்பே சோர்ந்துவிட்டது. தினமும் காலையில் ஒரு மாத்திரை. அதிலிருக்கும் ஹார்மோன்தான் அவரை நடக்கவும் பாடவும் வைத்தது. அதை எடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு. சின்னதாக, வெள்ளையாக இருக்கும். சின்னதாக, வெள்ளையாக ஒரு சத்து மாத்திரையும் கடையில் கிடைக்கிறது.

விஷம் எதுவும் கொடுக்கவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் கொடுக்காமல் இருந்தேன், அவ்வளவுதான்.

மாத்திரை மாறிய இரண்டாவது மாதம் பாட்டு நின்றது. முகம் ஊதியது. குரல் கரகரத்தது. சீப்போடு கொத்தாக முடி வந்தது. நல்ல வெயிலில் போர்வை கேட்டார். சமையலறைக்குள் வந்துவிட்டு எதற்கு வந்தோம் என்று நின்றார். அண்ணன் மறுபடி என்னிடம் சட்டை கேட்டான்.

மருத்துவர் ரத்தப் பரிசோதனை எழுதினார். தைராய்டு சோர்ந்தால், மூளைக்கு அடியிலுள்ள பட்டாணி அளவுச் சுரப்பி ஒன்று அதை விரட்டி வேலை வாங்க இன்னும் அதிகமாகச் சுரக்கும். ரிப்போர்ட்டில் அந்த அளவு ஏறியிருப்பதைப் பார்த்தால் யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் வீட்டில் அண்ணியிடம் ரத்தம் எடுத்தேன். ஆய்வகத்தில் என் கையிலும் எடுத்து, அந்தக் குழாயில் அண்ணியின் பெயரை ஒட்டினேன். என் சுரப்பிகள் ஒழுங்கானவை.

"ரிப்போர்ட்ல எல்லாம் சரியாத்தானே இருக்கு? உனக்கு உடம்பு வணங்கலடி," என்றான் அண்ணன்.

"கால் என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது, நான் என்னங்க பண்ணுவேன்?" அண்ணி என் பக்கம் திரும்பினார். "நீயாவது சொல்லேன். உனக்குத்தானே இதெல்லாம் தெரியும்."

நான் ரிப்போர்ட்டை மடித்து வைத்தேன்.

அண்ணன் மருத்துவரைச் சந்தேகப்பட்டான். மருத்துவர் அண்ணனைச் சந்தேகப்பட்டு, வீட்டில் ஏதாவது சண்டையா என்று கேட்டார். அண்ணி தன்னையே சந்தேகப்பட்டார். என்னிடம் எல்லோரும் ஆலோசனை கேட்டார்கள்.

மூன்றாவது பரிசோதனையன்று நான் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் மருத்துவர் ஆய்வகத்துக்குப் போன் செய்திருக்கிறார். அதே குழாய் ரத்தத்தில் கர்ப்ப ஹார்மோனையும் பார்க்கச் சொன்னாராம். இல்லை என்று வந்தது. மறுநாள் ஸ்கேனில் பதினொரு வாரக் குழந்தையின் இதயம் துடித்தது.

ஆய்வகத்தின் தலைமை மேடம் குழாயை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். "மெஷினும் பொய் சொல்லாது, குழந்தையும் பொய் சொல்லாது. அப்போ நடுவுல யாரு?" பிறகு என் முழுக்கைச் சட்டையைப் பார்த்தார். "கையை மடிச்சு விடும்மா."

மடித்துவிட்டேன். முந்தின நாள் ஊசி குத்திய இடம் இன்னும் சிவப்பாக இருந்தது.

கர்ப்பம் எனக்கும் அன்றுதான் தெரியுமா என்று கேட்கிறீர்கள். இல்லை. அதற்கு ஐந்து வாரம் முன்பே, பாத்திரம் கழுவும்போது, அண்ணி என்னிடம்தான் முதலில் சொன்னார்.

"நாள் தள்ளிப் போயிருக்குடி. உங்கண்ணன்கிட்டகூட இன்னும் மூச்சு விடல. அப்படி ஏதாவது இருந்தா, உன் மடியிலதான் மொதல்ல போடுவேன்."

அசதியாலும் தள்ளிப்போகும், ஆசைப்பட வேண்டாம் என்றேன். அந்த வாரம் பரிசோதனைக்கென்று எடுத்த அவருடைய உண்மையான ரத்தத்தைத் தூக்கி எறிவதற்கு முன் தனியாகச் சோதித்தேன். கர்ப்பம்தான்.

முதல் மூன்று மாதம் கருவின் தைராய்டு வேலை செய்யாது. அதன் மூளை வளரத் தேவையான ஹார்மோன் தாயிடமிருந்துதான் போக வேண்டும். இந்தக் கேள்விக்குக் கல்லூரியில் முழு மதிப்பெண் வாங்கினேன். மறுநாள் காலையும் சத்து மாத்திரையைத்தான் கொடுத்தேன். அதற்குப் பிறகு முப்பத்துநான்கு நாள் கொடுத்தேன்.

பிள்ளை எல்லாவற்றிலும் மெதுவாக இருக்கும் என்கிறார்கள். இருக்கட்டும். அப்படிப்பட்ட பிள்ளையைப் பொறுமையாகப் பார்த்துக்கொள்ள அந்த வீட்டில் என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?