வீடு வீடாப் போன பாட்டு

— இல்லை தம்பி, நிப்பாட்டாதையும். முழுசாப் போடும்.

— மிஸ், மூண்டு தரம் கேட்டுட்டியள். கல்யாண வீட்டுக்கோ, பிள்ளை பெரிசான சாமத்திய வீட்டுக்கோ எண்டு சொன்னியளெண்டால் அதுக்கேத்த பாட்டா எடுத்துத் தருவன்.

— எனக்கு இந்தப் பாட்டுத்தான் வேணும். தொடக்கத்தை ஒருக்காச் சொல்லும். பாடாதையும். வாயால சொல்லும்.

— பாட்டைச் சொல்லுறதோ?

— ஓம். பள்ளிக்கூடத்தில பாடம் ஒப்பிக்கிற மாதிரி.

— சரி. ‘தேனுகா தேனுகா, டிங்கு டிங்கு தேனுகா. வெள்ளை ஸ்கூட்டி ஏறி வீடு வீடா வாறாள். ஆருக்குத் தெரியும், ஆருக்கு என்ன தாறாள்.’ சொல்லேக்க ஒரு மாதிரித்தான் கிடக்கு மிஸ். மியூசிக்கோட கேட்டால்தான் வைப் வரும்.

— டிங்கு டிங்கு எண்டால் என்ன?

— அது பீட் மிஸ்.

— அர்த்தம்?

— அர்த்தமெண்டு ஒண்டும் இல்லை.

— ஆருக்கு என்ன தாறாள். அதுக்கு?

— அதுக்கும் பெருசா ஒண்டுமில்லை. வாறாள், தாறாள். பொருந்தி வருகுது, அவ்வளவுதான். நீங்கள் ஏன் மிஸ் இதைப்போட்டு இப்பிடி நோண்டுறியள்? யூடியூப்பில பதினொரு லட்சம் பேர் கேட்ட என்ர பாட்டு. ஒருத்தரும் அர்த்தம் கேட்டு புதுக்குடியிருப்பில இருக்கிற என்ர ஸ்டூடியோவுக்கு பஸ் ஏறி வரேல்ல.

— நானும் பஸ்ஸில வரேல்ல. ஸ்கூட்டியில வந்தனான். கீழ ஹாட்வெயார் கடை வாசலில நிக்குது. யன்னலால எட்டிப் பாரும். என்ன நிறம்?

— வெள்ளை… மிஸ், நீங்கள்?

— தேனுகா. முள்ளியவளைப் பக்கம் குடும்பநல மாது. பிள்ளைத்தாச்சியள் இருக்கிற வீடுகளுக்கு வீடு வீடாப் போறதுதான் என்ர உத்தியோகம். அரசாங்கம் சம்பளம் தந்து போகச் சொல்லுது தம்பி.

— ஐயோ.

— ஓம். நானும் நாலு மாசமா அதைத்தான் சொல்லிக்கொண்டு திரியிறன்.

— மிஸ், சத்தியமா அது உங்களை நினைச்சு எழுதினதில்லை. பெயர் சும்மா வந்தது. மேனகா, ராதிகா எண்டெல்லாம் போட்டுப் பாத்தனான். தேனுகாதான் பீட்டில குந்திச்சுது.

— ஸ்கூட்டி?

— சும்மா.

— வெள்ளை?

— அதுவும் சும்மாதான்.

— வீடு வீடா?

— சும்மா மிஸ்…

— நீர் சொல்லுற சும்மா எல்லாம் ஒண்டாச் சேந்து அச்சொட்டா நானாய் வந்து நிக்குது. இரும், இன்னொண்டு. எங்கட ஆக்கள் ஒரு பொம்பிளையை மரியாதையா ‘வாறா’ எண்டுவினம். ‘வாறாள்’ எண்டு ஆரைச் சொல்லுவினம்?

— அது பாட்டுக்கு மிஸ். ‘வாறா’ எண்டால் இழுபடுது. ‘வாறாள்’ எண்டு ஒரு வெட்டு வெட்டினால்தான் பெடியள் ஆடுவாங்கள்.

— ஆடுறாங்கள் தம்பி, நல்லா ஆடுறாங்கள். சந்தித் தேத்தண்ணிக் கடையைத் தாண்டேக்க ஒருத்தன் ‘தேனுகா தேனுகா’ எண்டுவான். கடைக்குள்ள இருக்கிறவங்கள் எல்லாரும் சேந்து ‘டிங்கு டிங்கு’ எண்டுவாங்கள். உழவு மெசின்காரன் ஹோனில அடிக்கிறான். போன கிழமை கிளினிக்கில ஒரு நாலு வயசுப் பிள்ளை என்ர மடியில இருந்துகொண்டு பாடுது, ஆருக்கு என்ன தாறாள் எண்டு. தாய்க்காரிக்கு முகத்தை எங்க கொண்டுபோய் வைக்கிறதெண்டு தெரியேல்ல. எனக்கும்தான்.

— சின்னப் பிள்ளையள் எல்லாத்தையும் பாடும் மிஸ். அதுகளுக்கு விளங்குமே?

— பெரியாக்களுக்கு விளங்குது. என்ர மனிசன் ஒரு சொல்லுச் சொல்லேல்ல. ஆனா ரிவியில உம்மட பாட்டுத் தொடங்கினால் எழும்பிக் கிணத்தடிக்குப் போறார். முந்தி ஒரு நாளும் அந்த நேரத்தில கிணத்தடிக்குப் போறவரில்லை.

— மிஸ், நான் ஒண்டு சொல்லட்டோ? கோவிக்கக்கூடாது. ஊர்ச்சனம் நாலு நாளைக்குப் பாடும், பிறகு வேறொரு பாட்டு வந்திடும். சும்மா ஒரு பாட்டுத்தானே. ஆர் சொல்லைக் கேக்கினம்? காரில போகேக்க, சமைக்கேக்க, குளிக்கேக்க போட்டுவிடுவினம். அர்த்தம் வேணுமெண்டால் நியூஸ் கேக்கட்டும்.

— அர்த்தத்தோட நீர் எழுதியே பாக்கேல்லையோ?

— எழுதினால் ஆர் மிஸ் கேக்கினம்? அதை விடுங்கோ.

— விடேல்ல. சொல்லும்.

— விடுங்கோவன். இப்ப நான் என்ன செய்யவேணும்? பெயரை மாத்தவோ? பதினொரு லட்சம் பேரிட்டப் போன பாட்டை இனி எப்பிடி மாத்துறது?

— இண்டைக்குப் பின்னேரம் கோயில் திருவிழாவில உமக்கு மேடை இருக்கு. நோட்டீசில பாத்தனான். அதில இதைப் பாடாதையும்.

— ஐயோ மிஸ், கோயில்காரர் என்னைக் கூப்பிட்டதே அதுக்குத்தான்! மற்றப் பாட்டொண்டும் அவைக்குத் தெரியாது. ‘டிங்கு டிங்கு அனோஜன்’ எண்டுதான் நோட்டீசே அடிச்சவை.

— தம்பி, கௌசலா எண்டு ஒரு பிள்ளை. இருபத்திரெண்டு வயசு. முதல் பிள்ளை, ஏழாம் மாசம்.

— அவா ஆர்?

— சொல்லுறன், பொறும். குளத்தடியில வீடு. போன மாசம் நான் போகேக்க கால் ரெண்டும் வீங்கியிருந்தது. பிரஷர் ஏறியிருந்தது. அடுத்த கிழமை திரும்ப வந்து பாக்கிறன், தலையிடிச்சால் உடன கோல் எடும் எண்டு சொல்லிட்டு வந்தனான். அடுத்த கிழமை போறன், படலை பூட்டிக் கிடக்கு. மனிசன்காரன் உள்ளுக்க நிக்கிறான். பாட்டுக்காரி எங்கட வீட்டுக்கு வரத் தேவையில்லையாம். சிநேகிதப் பெடியள் பகிடி பண்ணுறாங்களாம், தேனுகா உன்ர வீட்டுக்கு எத்தினை மணிக்கு வாறாள் எண்டு. அந்தப் பிள்ளை யன்னலுக்குள்ளால பாத்துக்கொண்டு நிக்குது.

— அவன் விசரன் மிஸ்.

— விசரன்தான். நான் ஒபிசில சொல்லி, வேற ஆளை அனுப்ப ஒழுங்கு பண்ணி, அதுக்குள்ள பத்து நாள் போட்டுது. பதினோராம் நாள் வலிப்பு. பக்கத்து வீட்டு ஓட்டோவில ஏத்தினவை. பிள்ளையை வெட்டித்தான் எடுத்தது. ஒரு கிலோவும் முன்னூறு கிராமும். கண்ணாடிப் பெட்டிக்குள்ள கிடக்கு, என்ர கையளவுதான். தாய் நேற்றுத்தான் கண் முழிச்சது. முழிச்சு என்னைக் கண்டவுடன என்ன சொன்னது தெரியுமோ? ‘மன்னிச்சுக் கொள்ளுங்கோ மிஸ்’ எண்டு. அது என்னட்ட மன்னிப்புக் கேக்குது!

— மிஸ்… அதை என்ர தலையில போடுறியளே? படலையைப் பூட்டினது நானில்லை.

— நீர் பூட்டினதெண்டு நான் சொல்லேல்ல. அவன்தான் பூட்டினவன். அவன்ர வாய்க்குள்ள அந்தச் சொல்லு எங்கயிருந்து வந்தது எண்டுதான் கேக்கிறன். நீர் அர்த்தமில்லை, அர்த்தமில்லை எண்டு வெறும் சட்டியா வைச்சீர். வாறவன் போறவன் எல்லாம் அதுக்க தன்ர ஊத்தையை ஊத்துறான். பிறகு உமக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை எண்டுறீர். ஏன் தம்பி தலையைக் குனியிறீர்? என்னைப் பாத்துக் கதையும்.

— டேய் அனோ! எத்தினை தரமடா கூப்பிடுறது? சோறு கொண்டந்து கீழ நிண்டு தொண்டை கிழியக் கத்துறன், வெளிச் சத்தம் வராமல் இந்த முட்டை மட்டையளைச் சுவர் முழுக்க ஒட்டிவைச்சிட்டுச் செவிடன் மாதிரி… ஐயோ, மிஸ்! எங்கட மிஸ்ஸோ இது?

— சாரங்கா. எப்பிடிப் பிள்ளை? மகள் சுகமோ?

— ரெண்டு வயசாகுது மிஸ். அம்மாவோட வீட்டில நிக்கிறாள். ஒரு இடத்தில இருக்காள், முற்றத்துக் கோழியளுக்குக் கூட நிம்மதியில்லை. நாங்கள் இப்ப புதுக்குடியிருப்போட வந்திட்டம். மிஸ்ஸுக்கு இவனைத் தெரியாது என்ன? என்ர தம்பி. நீங்கள் என்னை ஓட்டோவில ஏத்தி, என்ர தலையை மடியில வைச்சுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன நேரம் இவன் வவுனியாவில வேலையில நிண்டவன். டொக்டர் சொன்னவர் மிஸ், இன்னும் அரை மணித்தியாலம் பிந்தியிருந்தால் ரெண்டு பேருமே இல்லை எண்டு.

— அக்கா, நீ சோத்தை வைச்சிட்டுப் போ.

— ஏன் போறன்? மிஸ்ஸுக்குப் பாட்டைப் போட்டுக் காட்டினியோ?

— காட்டினவர் சாரங்கா. மூண்டு தரம் கேட்டனான்.

— அந்த முதல் பாட்டையோ?

— அக்கா, பேசாமல் இரு!

— என்னத்துக்கடா பேசாமல் இருக்கிறது? மிஸ், இவன் வவுனியாவால வந்து பிள்ளையைத் தூக்கிப் பாத்திட்டு, அண்டைக்கே குசினிக்குள்ள அடுப்படியில இருந்து எழுதின பாட்டு. உங்களுக்கு நன்றி சொல்லி. நான் கிடந்த கிடை, நீங்கள் வந்த வரத்து, எல்லாம் அதுக்க இருந்தது. கேட்டால் கண்ணீர் வரும். உங்களுக்கு அனுப்புவம் எண்டால் என்னட்ட உங்கட நம்பர் இல்லாமல் போச்சு, போன் மாறினதில. பிறகு இந்தக் கழிசடை அதே மெட்டில டிங்கு டிங்கைப் போட்டான். நான் இவனோட ஒரு மாசம் கதைக்கேல்ல.

— அப்ப சும்மா இல்லை.

— மிஸ்…

— பெயர் சும்மா வரேல்ல. ஸ்கூட்டி சும்மா வரேல்ல. என்னைத் தெரிஞ்சுதான் எழுதினீர்.

— ஓம் மிஸ். எழுதிக் கன நாளுக்குப் பிறகுதான் முதல் பாட்டை ரெண்டு மாசம் யூடியூப்பில விட்டு வைச்சனான். நாப்பத்தொரு பேர் கேட்டவை. நாப்பத்தொரு பேர்! ஒரு சிநேகிதன் சொன்னான், மெட்டு நல்லாயிருக்கு, சொல்லுத்தான் பாரம், சொல்லை எடுத்தெறி எண்டு. எறிஞ்சன். ஒரு கிழமையில லட்சம் தாண்டிச்சுது. நான் என்ன மிஸ் செய்ய? அர்த்தத்தோட குடுத்தால் ஒருத்தரும் வாங்கீனமில்லை. அந்தக் கோவத்திலதான் முதல் பாட்டை முழுசா அழிச்சனான்.

— கோவத்தை அவையளில காட்டியிருக்கலாம். என்னில காட்டிப்போட்டீர்.

— என்னடா செய்துவைச்சிருக்கிறாய்? மிஸ்ஸுக்கு என்ன நடந்தது?

— பிறகு சொல்லுறன் அக்கா. எல்லாத்தையும் சொல்லுறன். மிஸ், பின்னேரம் அதைப் பாடமாட்டன். காசு தராட்டியும் பரவாயில்லை, கல்லெறிஞ்சாலும் பரவாயில்லை. முதல் பாட்டைத்தான் பாடுவன். என்னத்துக்கு எழுதினதெண்டு மைக்கில சொல்லிப்போட்டுத்தான் பாடுவன். அதை வீடியோ எடுத்து யூடியூப்பில விடுறன்.

— அப்ப இப்ப பாடு. மிஸ்ஸுக்கு முன்னால.

— இப்பவோ? சரி… ‘படலையைத் திறவுங்கோ, தேனுகா மிஸ் வாறா…’

— ம். பிறகு?

— ‘படலையைத் திறவுங்கோ, தேனுகா மிஸ் வாறா…’ பொறு அக்கா. ‘படலையைத் திறவுங்கோ…’ ஐயோ. மிஸ், வருகுதில்லை. எவ்வளவு மேடையில டிங்கு டிங்கைப் பாடித் துலைச்சிட்டன். வாயைத் திறந்தால் அதுதான் வருகுது.

— எழுதின கொப்பி எங்க?

— போனிலதான் எழுதினனான். பழைய போன், அது இப்ப இல்லை. அக்கா, உனக்குத் தெரியும்தானே? நீ சொல்லு.

— நான் அழுதழுது கேட்டனானடா. எனக்கு எங்க சொல்லு நிண்டது? நீதானே எழுதினவன்!

— ‘ஒரு வீட்டுக்க ரெண்டு உயிரை எண்ணிக்கொண்டு வாறா.’ அதுதான் தம்பி அடுத்த வரி. எழுதிக்கொள்ளும், மிச்சத்தையும் சொல்லுறன். உம்மட நாப்பத்தொரு பேரில நானும் ஒராள்.