கரடிக்கு வெச்ச பலாப்பழம்

பிள்ளைங்க டான்ஸுக்கு மேக்கப் போட்டு முடிக்கறதுக்குள்ள, பெத்தவங்க உங்களுக்கு ஒரு குட்டிக் கதை. பயப்படாதீங்க... நிஜமாவே குட்டிதான்!

கோத்தகிரிப் பக்கம் ஃப்ளாரன்ஸ்னு ஒரு பொண்ணு. என்ன வேலை? கரடி ஆராய்ச்சி! காட்டுல கரடி எங்க போகுது, என்ன சாப்பிடுதுன்னு எழுதிக் கொடுத்தா டாக்டர் பட்டம். பட்டம் வந்தா காலேஜ்ல வேலை ரெடி. மரத்துல ஒரு கேமராவைக் கட்டினா. எதிர்ல எது வந்தாலும் அதுவே படம் எடுத்துக்கும். என்ன வந்துச்சு? மாடு. மறுபடியும் மாடு. அப்புறம்... முதுகைச் சொறிஞ்சுக்கிட்டு ஒரு பெரியவரு!

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவ, கேமராவுக்கு முன்னாடி ஒரு பலாப்பழத்தைப் பிளந்து வெச்சுட்டா. விடுமா கரடி? குட்டியை முதுகுல சுமந்துக்கிட்டு தாய்க்கரடி தினமும் ஆஜர்! படமா குவியுது. அவளோட பேராசிரியர் ஃபோன்லயே குதிக்கிறாரு. "சபாஷ்மா! கரடிக்கு இதுதான் பிடிச்ச இடம். உடனே எழுதிடு!"

மறுநாள் காலையில எழுத உக்காந்தா... ஜன்னல் பக்கம் 'உர்ர்... உர்ர்...'னு சத்தம். அதே தாய்க்கரடி! வீட்டோரம் அடுக்கி வெச்ச பலாப்பழத்தை மோப்பம் பிடிச்சு வந்துடுச்சு. பக்கத்து வாசல்ல யாரு? தேயிலை பறிக்கறவங்களோட பிள்ளைங்க, பல் விளக்கிக்கிட்டு நிக்குதுங்க. ஃப்ளாரன்ஸ் பாய்ஞ்சு எழுந்தா. தகர டப்பாவைத் தட்டி, கத்தி, ஒருவழியா விரட்டினா. நல்லவேளை, யாருக்கும் ஒண்ணும் ஆகல.

ஃபோனைப் போட்டா. "சார், அந்தப் படம் ஒண்ணுகூட வேண்டாம்."

"ஐயையோ! ஒரு வருஷம் போயிடுமேம்மா. அந்த வேலை?"

"போகட்டும் சார். நான் பழம் வெச்சதாலதான் அது ஊருக்குள்ள வந்துச்சு. கரடி எங்க போகுதுன்னா கண்டுபிடிச்சேன்? நான் எங்க பழம் வெச்சேனோ, அதைத்தான் கண்டுபிடிச்சிருக்கேன்!"

அவரு சிரிச்சுட்டாரு. "சரிம்மா, முதல்லேருந்து ஆரம்பி."

பழத்தையெல்லாம் அப்புறப்படுத்தினா. கரடி வெளிக்குப் போன இடமாத் தேடி, அந்தக் கழிவை எடுத்துக் கழுவி, உள்ளே என்ன கொட்டைன்னு பார்த்தா. மூக்கைப் பொத்தாதீங்கம்மா, அதுவும் படிப்புதான்! காலேஜ் வேலை வேற யாருக்கோ போச்சு. ஆனா கரடி போற இடம் தெரிஞ்சுபோச்சு... யாருமே நினைக்காத ஒரு ஓடைக்கரை, நாவல் மரத்தடி!

இப்போ உங்ககிட்ட வர்றேன். "கணக்குல நூறு வாங்கினா சைக்கிள்"னு சொல்றோமா, இல்லையா? பிள்ளை வாங்கிடுது. உடனே ஊரெல்லாம் பெருமை... "எம் பிள்ளைக்குக் கணக்குன்னா உசுரு!" உசுரு கணக்கு மேலயா, சைக்கிள் மேலயா? சிரிக்கிறீங்க... அப்போ உங்க வீட்லயும் நடந்திருக்கு!

ஆசை காட்டி வரவழைச்சுட்டு, என் பிள்ளையை எனக்குத் தெரியும்னு சொல்லாதீங்க. ஒரு வருஷம் ஆனா ஆகட்டும். எதையும் நீட்டாம, சும்மா தள்ளி நின்னு பாருங்க. தானா எந்தப் பக்கம் நடக்குதோ... அதுதாங்க உங்க பிள்ளை!